பாரிக்கின் வலப்பக்கம்

பேரரசருக்கு ருசபார் ஊராரின் மனசு தேவைப்படவில்லை, விரல்தான் தேவைப்பட்டது. நகரத் தலைவர் கிளமென்தியனே இதைச் சந்தை மேடையில் ஏறி நின்று, கட்டிப்போன தொண்டையால் விளக்கிச் சொன்னார்.

“மக்களே, யாரும் எதையும் நம்ப வேணாம். நம்புறதும் நம்பாததும் உங்க வீட்டுச் சமாச்சாரம். ரெண்டு விரல், நடுவுல ஒரு சிட்டிகை சாம்பிராணி, அவ்வளவுதான். நெருப்புல போடுங்க, படையல் கறித்துண்டை வாயில போடுங்க, வீட்டுக்குப் போய் உங்களுக்குப் பிடிச்ச சாமியக் கும்பிடுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லன்னு ஆளுநருக்கு நான் ஆள் அனுப்பியாகணும். என் நெலமையையும் கொஞ்சம் யோசிங்க.”

ஊரார் அவர் நிலைமையை யோசித்தார்கள். வரிசை நகர்ந்தது. ஆண்டவரை நம்புகிற குடும்பங்களிலும் பல பேர் தலையைக் குனிந்துகொண்டு போய், போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. பிள்ளைகுட்டி உள்ளவர்கள்.

மீன்சாறு ஊறும் கொட்டடியில் வேலை செய்கிறவர்களைக் கிளமென்தியன் முன்னால் வரச் சொன்னார். மரியாதையால் அல்ல, வாடையால். அப்படித்தான் பாரிக்கும் அவன் மனைவி ரொகாத்தாவும் வெயில் ஏறும் முன்பே பேரரசரின் பீடத்தின் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று.

“ஐயா, சக்கரவர்த்தி நல்லா இருக்கட்டும்,” என்றான் பாரிக். “அவருக்காக எங்க ஆண்டவர்கிட்டத் தெனமும் வேண்டிக்கிறோம். இதை மட்டும் கேக்காதீங்க.”

“நீ வேண்டிக்கிறத வச்சு நான் என்னய்யா பண்ணட்டும்? ஆளுநர் கேட்டா எடுத்துக் காட்ட முடியுமா?”

பாரிக் கையை மூடிக்கொண்டான். வலை இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கை. இரண்டு படைவீரர்கள் அதைத் திறக்கப் பார்த்தார்கள். ஒருவன் முழங்காலை ஊன்றி இழுத்தான். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. கையில் இரண்டு விரல்கள் உடைந்துபோயின, ஆனால் கை திறக்கவில்லை. இழுபறியில் நெருப்புச் சட்டி சாய்ந்து ஒரு கங்கு கிளமென்தியனின் புதுச் செருப்பில் விழுந்தது. பேரரசின் செருப்பைச் சுட்டவன் என்று பாரிக்கைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

அடுத்து ரொகாத்தா. அவளும் கையை மூடிக்கொண்டாள்.

கிளமென்தியன் ஒரே பாடத்தை இரண்டு முறை படிக்கிற ஆள் அல்ல. “திறக்காதீங்கடா,” என்றார் வீரர்களிடம். “புறங்கையில வச்சுச் சாய்ங்க. கட்டளையில கைன்னுதான் இருக்கு, உள்ளங்கைன்னு இல்ல.”

மூடிய கையின்மேல் சாம்பிராணியை வைத்தார்கள். கையைப் பிடித்து நெருப்புக்கு மேலே சாய்த்தார்கள். புகை எழுந்தது. “ரொகாத்தா தூபமிட்டாள்!” என்று ஊருக்குக் கூவிச் சொல்கிறவன் கூவினான்.

“நான் போடல! நான் போடல!” என்று கத்தினாள் அவள். ஒரு வீரன் அவள் வாயிலேயே ஓங்கிக் குத்தினான். பல் உடைந்து உதடு கிழிந்தது. அந்த இரைச்சலில் கூவுகிறவன், “ரொகாத்தா பேரரசரை வாழ்த்தினாள்!” என்று சேர்த்துக்கொண்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பாரிக்கின் அக்காள் குதுல்லா மட்டும் அன்றைக்கு யார் கையிலும் அகப்படவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு மீன்சாற்றுத் தொட்டிக்குள் கழுத்தளவு நின்றிருந்தாள். தேடி வந்த வீரன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, எட்டிப் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டான்.

சிறைச்சாலையில் ஆண்டவரின் ஆட்கள் நிரம்பிவிட்டதால், கொலைகாரர்களுக்கு இடமில்லை என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படியும் இடம் போதாமல் பாரிக்கை ஒரு வறண்ட தண்ணீர்த்தொட்டியில் இறக்கி மேலே பலகை போட்டார்கள். வெயில் காலம். உடைந்த கை அழுகி, அவன் அங்கேயே செத்துப்போனான். பெண்கள் இரண்டு பேரும் உடலை மீன் கூடைகளுக்கு அடியில் வைத்து வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். காவல் வாசலில் யாரும் கூடையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கடற்கரைக்கு அப்பால் ஏழைகளைப் புதைக்கிற மணல்மேடு இருக்கிறது. அங்கே யாருக்கும் கல் கிடையாது. உடைந்த ஜாடியின் கழுத்தைத் தலைமாட்டில் நட்டு வைப்பார்கள். வருஷா வருஷம் இறந்த நாளில் வீட்டார் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தக் கழுத்து வழியாகச் செத்தவருக்குத் திராட்சைமது ஊற்றிவிட்டு வருவார்கள். மேடு முழுக்க ஒரே மாதிரி ஜாடிக் கழுத்துகள். வீட்டாரைத் தவிர வேறு யாராலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

குழியை மூடியதும் ரொகாத்தா அவன் வலப்பக்கம் மணலில் படுத்துப் பார்த்தாள்.

“ஏ புள்ள, எழுந்திரு. என்ன பண்ற?”

“அளவு பாக்குறேன் மதினி. இந்தப் பக்கம் எனக்கு. வேற யாரையும் இங்க போட விட்டுராதீங்க.”

“பைத்தியக்காரி,” என்று சொல்லிவிட்டு, குதுல்லா காலால் மணலில் ஒரு கோடு இழுத்து வைத்தாள்.

*

வருஷங்கள் போயின. ஒரு காலை அதே கூவுகிறவன், அதே மேடையில் ஏறி, அதே குரலில் கூவினான். இனிமேல் அவரவர் விரும்பிய கடவுளை அவரவர் கும்பிடலாம். கிறிஸ்தவர்களிடம் பிடுங்கிய இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடித்ததைக் கட்டிக் கொடுக்க வேண்டும். கூவி முடித்ததும் எந்தச் சாமியின் பெயரைச் சொல்லி இறங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றான்.

ஆலயத்தை இடித்தவருக்கே அதன் அளவு நன்றாகத் தெரியும் என்பதால் கட்டுகிற பொறுப்பும் கிளமென்தியனிடமே வந்தது. சந்தையிலிருந்த பீடத்துக் கல்லைக் கவிழ்த்துப் போட்டு வாசல்படி ஆக்கினார். நல்ல கல், வீணாக்குவானேன்.

பின்னாலேயே இன்னொரு அறிவிப்பு வந்தது. ஆலய ஊழியத்தில் இருக்கிறவர்கள் நகர சபைச் சுமை எதையும் சுமக்க வேண்டாம். ஊர்க் குளிப்பகத்துக்கு விறகு வாங்கித் தர வேண்டாம், வரி குறைந்தால் ஈடுகட்ட வேண்டாம். அந்தக் கோடையில் நகர சபைப் பெரியவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக ஆண்டவரின் அழைப்பு வந்தது. பெரும்பாலும் விறகு வாங்கும் மாதத்துக்குச் சற்று முன்பாகவே வந்தது. கிளமென்தியனுக்கு எல்லோருக்கும் முந்தி வந்தது. ஞான முழுக்கு வாங்கிய ஈரம் காயுமுன்னே அவர் மூப்பர் ஆகிவிட்டார்.

ஆலயத்துக்குத் தலைவரான ஆயர் யானுவாரி கெட்ட மனிதர் அல்ல. கெட்ட காலம் முழுவதும் மலைக்குகையில் ஒளிந்திருந்தவர். வெளியே வந்த பிறகும் தாழ்ந்த குரலில் பேசுவார். பேசும்போது கண் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது உறுதியாக ஒன்றைச் சொன்னால் அவருக்குப் போதும், ஒத்துக்கொள்வார்.

முதல் காரியமாக, கெட்ட காலத்தில் தூபமிட்டு ‘விழுந்தவர்கள்’ யார், விழாதவர்கள் யார் என்று பிரிக்க உட்கார்ந்தார்கள். விசாரிக்கிறவர் மூப்பர் கிளமென்தியன்.

“அன்னைக்கு அந்த மேடையில நின்னவன் நான்,” என்றார் அவர். “யார் போட்டா, யார் போடலன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

“அப்போ நான் போடலன்னும் உங்களுக்குத் தெரியுமே ஐயா,” என்றாள் ரொகாத்தா. உடைந்த பல் வழியாகக் காற்று போனது. “என் கையப் புடிச்சுச் சாய்க்கச் சொன்னதே நீங்கதானே.”

கிளமென்தியன் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். “தெரியும்மா. நல்லாத் தெரியும். ஆனா நீ போட்டேன்னு அன்னைக்கு ஆளுநருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். இப்போ நீ போடலன்னு ஆச்சுன்னா நான் ஆளுநர்கிட்டப் பொய் சொன்னவன் ஆயிருவேன். அது ராஜ குற்றம். நீ போட்டேன்னா வெறும் பாவம். பாவத்துக்கு மன்னிப்பு இருக்கு. ராஜ குற்றத்துக்கு இருக்கா? எது நல்லதுன்னு நீயே சொல்லு.”

“பாவம் என்னதா ஆகுது, குற்றம் உங்களதா ஆகுது. அதுதானே ஐயா வித்தியாசம்?”

“நன்றி கெட்ட பேச்சு பேசாத. உன்னைச் சாகவிடாமக் காப்பாத்தினவன் நான். இந்த ஊர்ல அத்தனை பேர் உசிரோட நடமாடுறது யாரால? நான் அன்னைக்கே உள்ளுக்குள்ள கிறிஸ்தவன்தான். வெளிய தெரியாம இருந்தேன், அவ்வளவுதான்.”

“ரொம்ப நல்லாவே தெரியாம இருந்தீங்க ஐயா,” என்றாள் பின்னாலிருந்து குதுல்லா.

ஆயர் வாசலைப் பார்த்தார். தீர்ப்பு வந்தது: ரொகாத்தா விழுந்தவள். அவள் ஆலயத்துக்குள் வரக் கூடாது. அந்தக் கவிழ்த்த கல்லுக்கு வெளியே நின்று அழ வேண்டும். ‘தூபமிட்டேன், மன்னியுங்கள்’ என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, பல வருஷம் அழுத பிறகு, கூடத்தில் நின்று கேட்க விடுவார்கள். அப்புறம் உள்ளே மண்டியிட விடுவார்கள். அப்புறம்தான் அப்பமும் கிண்ணமும்.

தொட்டிக்குள் நின்ற குதுல்லா விழாதவள். அவளுக்கு உள்ளே முன்வரிசையில் இடம். அவள் போய் உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்தில் இருந்த சீமாட்டிகள் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். உயிரைக் காப்பாற்றிய வாடை அவ்வளவு சுலபத்தில் போகாது.

ரொகாத்தா ஞாயிறுதோறும் வாசலில் வந்து நின்றாள். உள்ளே பாடுகிற பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெளியிலிருந்து சேர்ந்து பாடினாள். ஆனால் அழவில்லை.

“கொஞ்சம் அழுங்கம்மா,” என்று வாசல்காரன் கெஞ்சுவான். “மத்தவங்க எல்லாம் எவ்வளவு நல்லா அழுறாங்க பாருங்க. மூப்பர் என்னைத்தான் கேக்குறாரு.”

“என் புருசன் செத்தப்போ அழுதேன் தம்பி. அந்தக் கணக்குல எழுதிக்கோ.”

*

ஆலயம் கட்டி முடிந்தது. ஆனால் ஒரு குறை. பக்கத்து ஊர் ஆலயத்தில் பீடத்துக்கு அடியில் வேதசாட்சிகளின் எலும்பு இருந்தது; அங்கே கூட்டம் அலைமோதியது. ருசபார் பீடத்துக்கு அடியில் வெறும் மண். ஊரில் ஆண்டவருக்காகச் செத்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனும் ஏழைகள் மேட்டில் எங்கோ கிடந்தான்.

பாரிக்கைக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர் கிளமென்தியன்தான். பேசும்போது கண்கலங்கினார்.

“அந்தப் புண்ணியவானுக்கு நான் எவ்வளவு நெருக்கம்னு உங்களுக்குத் தெரியாது. அவரைச் சிறைக்கு அனுப்பினது யாரு? நான். அந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது யாரு? நான். நான் இல்லன்னா அவர் இன்னைக்கு ஒரு சாதாரண மீன்காரர். அதனாலதான் என் காலம் முடிஞ்சதும் அவர் வலப்பக்கத்துலயே என்னை வைக்கணும்னு கல்லுகூடச் செதுக்கி வச்சிட்டேன்.”

அந்தச் செய்தியைக் குதுல்லா கொட்டடிக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னாள். உப்புக்குள் கைவிட்டிருந்த ரொகாத்தா அப்படியே நின்றுவிட்டாள்.

“வலப்பக்கமா?”

“வலப்பக்கம்தான். கல்லு செதுக்கியாச்சாம்.”

“உயிரோட இருந்தப்போ என்கிட்டருந்து புடிச்சிட்டுப் போனாங்க,” என்றாள் ரொகாத்தா மெதுவாக. “இப்போ செத்தவனையும் புடிக்க வராங்களா மதினி?”

மறுநாள் ஆயர் கூப்பிட்டு அனுப்பினார். கணவனைப் புதைத்த இடத்தை அவள்தான் காட்ட வேண்டும். குதுல்லாவைக் கேட்டால் அவள் கண்ணை உருட்டி, “எனக்கு என்னங்க தெரியும், அன்னைக்கு என் கண்ணு பூரா மீன்சாறு,” என்று சொல்லிவிட்டாள்.

ரொகாத்தா வாசல் கல்லுக்கு வெளியே நின்றாள். ஆயரும் மூப்பரும் கல்லுக்கு உள்ளே நின்றார்கள். பேச்சு அந்தக் கல்லின் மேலாக நடந்தது.

“காட்டுறேன் ஆயரே. நான் கேக்குறது ஒண்ணுதான். நான் போடலன்னு இவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் செத்தா என்னைப் பாரிக் பக்கத்துல போடுங்க. அது போதும்.”

“வேதசாட்சி ஊருக்கே பொது,” என்றார் கிளமென்தியன். “விழுந்தவங்கள அவர் பக்கத்துல வைக்க முடியாது. அவருக்கே அவமானம்.”

அப்போது குதுல்லா குறுக்கே வந்தாள். “ஒரு சந்தேகம் ஆயரே. விழுந்தவ சொல்ற சாட்சி செல்லுமா?”

“செல்லாது,” என்றார் கிளமென்தியன் உடனே. “விழுந்தவங்க வார்த்தைக்கு இங்க மதிப்பில்ல.”

“அப்போ இவ காட்டுற எலும்பு பாரிக்கோடதுன்னு எப்படி நம்புவீங்க? இவ வார்த்தை செல்லும்னா, நான் போடலன்னு இவ சொல்றதும் செல்லும்தானே?”

ஆயர் முதல் முறையாக வாசலை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். கிளமென்தியன் முந்திக்கொண்டார். ஊரை ஆள்கிறவர்கள் எத்தனையோ வருஷம் பழகிய வித்தை அது, கண்ணுகளா, கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஒரு வழி இருக்கு. மேட்டுல கால் வைக்கிற நேரத்துலருந்து விரல் நீட்டுற நேரம் வரைக்கும் இவளை மன்னிச்சிடுவோம். விரல் நீட்டினதும் திரும்பவும் விழுந்தவ ஆயிடுவா. அந்த நேரத்துல வேற எதையும் பேசக் கூடாது. பேசினா செல்லாது.”

“அது நியாயம்தான்னு தோணுது,” என்றார் ஆயர், பழையபடி தாழ்ந்த குரலில்.

“நான் காட்ட மாட்டேன்னா?” என்றாள் ரொகாத்தா.

“மேட்டையே பெயர்த்து எடுப்போம். ஒவ்வொரு குழியா. உங்க கொட்டடி ஆளுங்களோட அப்பன் பாட்டன் எலும்பெல்லாம் வெளிய கெடக்கும். அவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்கோ.”

அன்றைக்குச் சாயங்காலமே கொட்டடியில் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பக்கத்துத் தொட்டிக்காரி மட்டும் வந்து, “என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க ரொகாத்தா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பாள்.

பொய்யாக ஒரு இடத்தைக் காட்டிவிடலாம். அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு பொய்க்குச் சம்மதிக்காததற்குத்தானே பல்லைக் கொடுத்தாள், புருஷனைக் கொடுத்தாள். இன்னொரு பொய்யை இப்போது விரலால் சொல்வதா? உண்மையைக் காட்டினாலோ பாரிக் போய்விடுவான். அவனுக்குப் பக்கத்தில் அவனைக் கொன்றவர் போய்ப் படுத்துக்கொள்வார், உலகம் முடிகிற வரைக்கும்.

*

பாரிக் இறந்த நாளையே நல்ல நாளாகக் குறித்தார்கள். வெள்ளை உடுத்தி, மெழுகுவத்தி பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் மேட்டுக்கு வந்தது. ஆளுநரின் மனைவி பல்லக்கில் வந்திருந்தாள். வெள்ளிப் பேழையை நான்கு பேர் சுமந்தார்கள். மண்வெட்டிக்காரர்கள் தனியாக நின்றார்கள்.

ரொகாத்தா வழக்கம்போலக் கஞ்சிச் சட்டியும் மதுக்குடுவையுமாக வந்தாள். அவள் மணலில் கால் வைத்ததும் கூவுகிறவன், “ரொகாத்தா மன்னிக்கப்பட்டாள்!” என்று கூவினான். எல்லோரும் பாடுவதை நிறுத்தினார்கள். அத்தனை கண்ணும் அவள் காலைப் பார்த்தது.

அவள் நடந்தாள். ஊரே பின்னால் நடந்தது. அவள் நின்றாள். ஊர் நின்றது. மண்வெட்டிகள் உயர்ந்தன. அவள் மறுபடி நடந்தாள். மண்வெட்டிகள் தாழ்ந்தன. குனிந்து காலில் குத்திய முள்ளை எடுத்தாள். “இங்கதான்!” என்று நான்கு பேர் பாய்ந்து தோண்டத் தொடங்கினார்கள், அவள் நகர்ந்ததும் வெட்கத்தோடு மூடினார்கள். பாரிக்கின் ஜாடிக் கழுத்தை அவள் கடந்து போனாள். கண்ணை நேரே வைத்துக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. யாரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மெழுகுவத்திகள் வளைந்து தலை கவிழ்ந்தன. பல்லக்குத் திரை விலகி, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஒரு குரல் வந்தது.

கிளமென்தியனுக்கு வியர்த்தது. ஆளுநர் வீட்டார் காத்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு ஒரே விதமாகத்தான் தெரியும். கண்ணைக் காட்டினார். ஆலயப் பணியாளர் இரண்டு பேர் வந்து ரொகாத்தாவின் கையைப் பிடித்தார்கள். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். “விரல் வேணாம்,” என்றார் கிளமென்தியன். “முழங்கை போதும்.” மடங்கிய கையை அப்படியே தூக்கி, எதிரே தெரிந்த ஒரு ஜாடிக் கழுத்தை நோக்கி நீட்டினார்கள்.

“ரொகாத்தா காட்டினாள்!” என்று கூவினான் கூவுகிறவன்.

“அங்க இல்ல! அது அவர் இல்ல! நான் காட்டல!”

இந்த முறை வாயில் குத்தவில்லை. சுத்தமான மெல்லிய துணியால் மென்மையாகப் பொத்தினார்கள். காலம் மாறிவிட்டது அல்லவா.

தோண்டினார்கள். புதைமேட்டில் எங்கே தோண்டினாலும் எலும்பு கிடைக்கும், கிடைத்தது. நல்ல நீளமான எலும்புகள். குதுல்லா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “அடியே, அது நம்ம மாகோன்டி,” என்று ரொகாத்தாவின் காதில் கிசுகிசுத்தாள். “தன் வலையையே சூதுல தோத்தவன்.”

“பாரிக் இவ்வளவு உயரமா?” என்று ஆயர் தயங்கினார்.

“வேதசாட்சிகள் ஆண்டவர்ல வளர்றாங்க ஆயரே,” என்றார் கிளமென்தியன்.

எலும்புகளுக்கு நடுவே இரண்டு பகடைக்காய்களும் கிடந்தன. மாகோனின் கூட்டாளிகள் ஆசையாய்ப் போட்டு அனுப்பியவை. கூட்டம் முணுமுணுத்தது. கிளமென்தியன் ஒரு நொடிதான் யோசித்தார். காய்களை உயரத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க! ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சப்போ அவர் உடுப்புக்கு வீரர்கள் சீட்டுப் போட்டாங்க. இங்க நம்ம வேதசாட்சி பக்கத்துலயும் காவல்காரங்க பகடை உருட்டியிருக்காங்க. இதைவிட என்ன அடையாளம் வேணும்?”

ஜனங்கள் மண்டியிட்டார்கள். ஆளுநரின் மனைவி பல்லக்கிலிருந்து இறங்கிவந்து பகடைக்காய்களை முத்தமிட்டாள். மாகோன் வெள்ளிப் பேழையில் ஏறி, பாட்டோடு ஊருக்குள் போனான்.

மேட்டில் ரொகாத்தாவும் குதுல்லாவும் மட்டும் மிஞ்சினார்கள். ரொகாத்தா பாரிக்கிடம் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள், தூரத்தில் ஆலயப் பணியாள் ஒருவன் நின்று கவனித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்திலிருந்த முதல் ஜாடிக் கழுத்தில் கொஞ்சம் மது ஊற்றினாள். அடுத்ததில் கொஞ்சம். அதற்கடுத்ததில் கொஞ்சம். அப்படியே மேடு முழுக்க. யாருடைய தகப்பனோ, யாருடைய பிள்ளையோ, எல்லோருக்கும் ஒரே அளவு. பாரிக்கின் முறை வந்தபோதும் அதே அளவுதான். கை ஒரு நொடி கூட நிற்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் செய்தாள்.

*

குளிர்காலம் வந்தபோது கிளமென்தியன் தனியாகக் கொட்டடிக்கு வந்தார். மூப்பர் உடுப்பில்லை. இருமல் பிடித்து ஆள் பாதியாகியிருந்தார். வாடைக்குக்கூட மூக்கைச் சுளிக்கவில்லை.

“பேழையில எலும்பை அடுக்கினது நான்தான்,” என்றார். “கை எலும்பைப் பாத்தேன். விரல் அத்தனையும் முழுசா இருந்துச்சு.”

ரொகாத்தா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

“அந்த விரல் உடைஞ்ச சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. அது அவர் கை இல்ல. நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன் ரொகாத்தா. யாருன்னே தெரியாத ஒருத்தன் பக்கத்துல என்னை வைக்கப் போறாங்க. ஆண்டவர் செத்தவங்கள எழுப்புற நாள்ல பக்கத்துல பாரிக் இருந்தா, எனக்காக ஒரு வார்த்தை பேசுவார்னு இருந்தேன். அவர் எங்க இருக்கார்? என்கிட்ட மட்டும் சொல்லு.”

“பேசுவாருதான் ஐயா,” என்றாள் அவள். “அவர் அப்படிப்பட்ட ஆளுதான். ஆனா நான் விழுந்தவ. என் வார்த்தை எப்படிச் செல்லும்?”

“செல்லும். நான் நம்புறேன்.”

“அப்போ ஞாயித்துக்கிழமை வாசக்கல்லு மேல ஏறி நின்னு சொல்லுங்க. இவ போடல, நான்தான் கையப் புடிச்சுச் சாய்ச்சேன், மேட்டுலயும் நான்தான் கையப் புடிச்சு நீட்ட வச்சேன்னு. நானே உங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். வலப்பக்கத்தையும் உங்களுக்கே விட்டுடறேன்.”

கத்தி மீனின்மேல் நின்றது. அவள் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கிளமென்தியன் அவள் முகத்தையே பார்த்தார். வாய் அசைந்தது. சொல்லிவிடுவார் போலிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று இருந்ததா, சொல்லிவிடக் கூடாது என்று இருந்ததா, ரொகாத்தாவுக்கே தெரியவில்லை.

“ஆளுநரோட சம்சாரம் அந்தப் பகடைய முத்தம் குடுத்திருக்காங்க,” என்றார் அவர் கடைசியில். “இப்போ போய் எப்படி…”

எழுந்து போனார். தை பிறக்கும் முன்னே செத்துப்போனார். செதுக்கி வைத்த கல்லைச் சாத்தி, பாட்டோடும் புகையோடும் மாகோனின் வலப்பக்கத்தில் அவரை வைத்தார்கள்.

ரொகாத்தாவுக்கு முடியாமல் போனது அதற்கும் பல வருஷம் கழித்து. சாகக் கிடக்கிற விழுந்தவர்களுக்கு இரக்கம் காட்டலாம் என்று ஒரு விதி உண்டு. கிழவராகிவிட்ட ஆயர் யானுவாரி அப்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தானே குடிசைக்கு நடந்து வந்தார்.

“மகளே, ஒரு வார்த்தை போதும். தூபமிட்டேன், மன்னியுங்கன்னு சொல்லு. அப்பத்தை வாயில வச்சிடறேன். ஆலய நிலத்துலயே உனக்கு இடம் தரேன்.”

இத்தனை வருஷம் வாசலில் நின்று ஏங்கிய அப்பம் இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரொகாத்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“போடல ஆயரே.”

“சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டு.”

அவள் ஆட்டவில்லை.

“ஆட்டக்கூட வேணாம். நான் கேக்குறேன், நீ சும்மா இரு. சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா எடுத்துக்கறேன். போட்டியாம்மா?”

“இல்ல.”

அழுதது ஆயர்தான். அப்பத்தை மறுபடி துணியில் சுற்றினார். அவர் எழுவதற்குள் ரொகாத்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

குதுல்லா தலைமாட்டிலிருந்து கேட்டாள், “இவள எங்க ஆயரே வைக்கிறது?”

ஆயர் வாசலைப் பார்த்துக்கொண்டே, பழகிய தாழ்ந்த குரலில் விதியைச் சொன்னார். “மன்னிப்புக் கேக்காம செத்தவங்களுக்கு ஆலய நிலத்துல இடமில்ல. ஏழைங்க மேட்டுல எங்கயாவது போட்டுடுங்க. இடம் எதுன்னு யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்.”

“சரிங்க ஆயரே,” என்றாள் குதுல்லா. “எங்கயாவது போட்டுடறோம்.”